தனியாக இருபது நிமிடம்

ஆலோசகரிடம் போகலாம் என்று முதலில் சொன்னது கைராசிதான். அதனால் சுண்டுவுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. மனதில் கள்ளம் உள்ளவள் தானாகவே போய் மூன்றாவது ஆள் முன்னால் உட்காருவாளா என்றுதான் அவளும் நினைத்தாள்.

இருவரும் ஆறு வருடமாக ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்கிறவர்கள். கைராசி பிசியோதெரபிஸ்ட். முதுகு பிடித்துக்கொண்டவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விளங்காமல் போனவர்கள் என்று அவளுடைய கிளினிக் வாசலில் காலையிலிருந்தே ஆட்கள் காத்திருப்பார்கள். அவள் தொட்டால் வலி போய்விடும் என்று நோயாளிகள் வைத்த பெயர் அது. பிறகு எல்லாருமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சுண்டு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். வீட்டில் கடைக்குட்டி, சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று அக்கா வைத்த பெயர் முப்பத்து மூன்று வயதிலும் அவளை விடவில்லை. குனிந்தபடியே வேலை பார்த்துத் தோள் இறுகிப்போய் ஒருநாள் கைராசியிடம் போனாள். பத்து நாளில் தோள் சரியானது. அதன் பிறகும் போய்க்கொண்டிருந்தாள்.

கைராசி சொன்ன பிரச்சினை இதுதான். சுண்டுவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. கேட்டால் எரிந்து விழுகிறாள். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு வருடமாகவே சுண்டு வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. வீட்டுச் சாவி இரண்டு முறை தொலைந்தது. கைக்கடிகாரம் போனது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வாள், கைராசி வந்து பார்த்து எரிகிறது என்பாள். கடையில் கூட ஒரு வாடிக்கையாளரின் பவர் எழுதிய சீட்டைத் தப்பாகப் படித்து லென்ஸைக் கோணலாக வெட்டிவிட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. முதலாளி திட்டவில்லை, ஆனால் அன்று முதல் அவள் வெட்டியதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அது அவளுக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆலோசகரின் அறை, பல் மருத்துவமனை ஒன்றுக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு நீள சோபா, எதிரே ஒரு நாற்காலி, நடுவில் தாழ்வான மேஜை, அதன் மேல் டிஷ்யூ பெட்டி. கீழே பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தம் அவ்வப்போது தரை வழியாக வந்தது. ஆலோசகர் ஐம்பது வயதைத் தொடும் பெண். நிதானமாகப் பேசினார். இரண்டு பெண்கள் ஜோடியாக வந்திருக்கிறார்கள் என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதுவே பெரிய விஷயம் என்று சுண்டுவுக்குத் தோன்றியது.

முதல் சனிக்கிழமை ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் கைராசிதான் பேசினாள். அழகாகப் பேசினாள். சுண்டுவைக் குறை சொல்லவே இல்லை, கவலைப்பட்டாள். ஓரிடத்தில் குரல் உடைந்தது. டிஷ்யூ ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்றை எடுத்துச் சுண்டுவின் மடியில் வைத்தாள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஆலோசகர் சுண்டுவைக் கேட்டபோது, அவளுக்கு ஒரே வாக்கியம்தான் வந்தது.

“வீட்ல இருந்தா மூச்சு முட்டற மாதிரி இருக்கு மேடம்.”

காரில் வரும்போது கைராசி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சுண்டு சமையலறைக்குள் போனதும் பின்னாலேயே வந்து ஜன்னலைத் திறந்தாள். இப்போது பரவாயில்லையா என்று கேட்டாள். சுண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கேயும் வந்து ஜன்னலைத் திறந்து, சிரித்த முகத்தோடு அதையே கேட்டாள். அந்த வாரம் முழுவதும் சுண்டு எந்த அறைக்குள் போனாலும் ஜன்னல் திறந்தது, அந்தக் கேள்வி வந்தது. வெள்ளிக்கிழமை மழை. சாரல் கட்டில் வரைக்கும் அடித்தது. சுண்டு நனைந்த படுக்கையில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது, மூச்செல்லாம் முட்டவில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். அதன் பிறகுதான் ஜன்னல்கள் மூடின.

இரண்டாவது சனிக்கிழமை, அக்காவின் ஞாபகம் வருகிறது என்று சொன்னாள். அக்கா அவளுடன் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்று மாலையே அலமாரியில் இருந்த அக்காவின் போட்டோ காணாமல் போனது. உனக்கு வலிக்கிறது என்று சொன்னாயே, அதனால் எடுத்து வைத்துவிட்டேன் என்றாள் கைராசி. அவள் எதை எடுத்தாலும் இப்படித்தான், ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தில் அன்பு இருக்கும். சுண்டு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், அடுத்த நாள் உள்தாழ்ப்பாள் போய்விட்டது. நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம் என்று அவளுடைய போனைத் தன் லேப்டாப்போடு இணைத்துக்கொண்டாள். தன்னுடைய போனைச் சுண்டுவிடம் கொடுத்ததில்லை, நோயாளிகளின் விவரம் இருக்கிறதாம்.

யாரிடமாவது சொல்லலாம் என்று சுண்டுவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் என்ன சொல்வது? ஜன்னலைத் திறக்கிறாள் என்றா? அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்த உறவுக்காக அவள் பெற்றவர்களோடு பேச்சை விட்டவள். இப்போது போய் வாயைத் திறந்தால், ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து குடித்தனம் பண்ணினா வேற எப்படி முடியும் என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்குப் பதில் தாழ்ப்பாள் இல்லாமலே குளித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஆலோசகர் சுண்டுவைப் பார்த்துக் கேட்டார்.

“உங்க ரெண்டு பேரையும் ஒருதரம் தனித்தனியா பாக்கணும்னு மெசேஜ் அனுப்பியிருந்தேன். நீங்க வேண்டாம்னு பதில் போட்டிருக்கீங்க. அது உங்க இஷ்டம்தான். காரணம் மட்டும் தெரிஞ்சுக்கலாமா?”

சுண்டுவுக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது. இதையும் மறந்துவிட்டோமா என்று நினைத்தாள். எப்போது அனுப்பினேன் என்று கேட்டாள். ஆலோசகர் தன் போனைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பின்னறையில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக்காக நாற்பது ஜோடி கண்ணாடி. பத்து மணிக்கு உட்கார்ந்தவள் ஒரு மணிக்குத்தான் எழுந்தாள், அதுவரைக்கும் இரண்டு கையும் ஈரம். பின்னறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. எல்லாருடைய போனும் அவருடைய மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கும்.

முதலில் வந்தது நிம்மதி. என் மூளை கெட்டுப்போகவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம் கையில் இருந்தது. அடுத்த மூச்சிலேயே கைராசியின் லேப்டாப், சாவி, கடிகாரம், அடுப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பயம் அப்போதுதான் வந்தது.

கைராசியின் கை அவளுடைய பிடரியில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் மட்டும் மெல்ல வட்டம் போட்டது.

“ஆமா, நான்தான் அனுப்பினேன்” என்றாள் சுண்டு. “அவ கூட இருந்தாதான் எனக்குத் தைரியம்.”

ஆலோசகர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, அடுத்த வாரம் இருவரையும் தனித்தனியாக இருபது நிமிடம் பார்க்கப்போவதாகவும், தன்னிடம் வரும் எல்லா ஜோடிக்கும் இது உண்டு, இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல என்றும் சொன்னார். கைராசி உடனே தலையாட்டினாள். நல்ல யோசனை என்றாள்.

அந்த வாரம் கைராசி ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லை. தானே சமைத்தாள். சுண்டுவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பாதத்தை அமுக்கிவிட்டாள். அமுக்கிக்கொண்டே, சனிக்கிழமை என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டாள். சுண்டு சொன்னதும், அப்படி இல்லை, இப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று திருத்தினாள். புதன்கிழமைக்குள் பாடம் மனப்பாடமாகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு வார்த்தை மாறியபோது பாதத்தில் ஓரிடத்தில் விரல் ஆழமாக இறங்கியது. சுண்டு காலை இழுத்துக்கொண்டாள். அங்கே கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, அதுதான் என்றாள் கைராசி.

சனிக்கிழமை, மாடிப்படியில் நின்று கைராசி தன் போனிலிருந்து சுண்டுவின் போனுக்கு அழைத்தாள். சுண்டு எடுத்தாள்.

“கட் பண்ணாம அப்படியே பைல வச்சுக்க. உள்ள நீ கஷ்டப்பட்டா எனக்குத் தெரியணும் இல்ல? வேற எதுக்கும் இல்லடா.”

முதலில் கைராசி போய்விட்டு, இருபது நிமிடம் கழித்துக் கண்கள் ஈரமாக வெளியே வந்தாள். வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, காத்திருப்போர் நாற்காலியில் ஒரு பத்திரிகையைப் பிரித்து உட்கார்ந்தாள்.

சுண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து போனை எடுத்து, சத்தமில்லாமல் மேஜையில் டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு மேலே கைராசியின் பெயர். ஆலோசகர் அதைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் பேனாவையும் குறிப்பேட்டையும் மெதுவாக மேஜையின் குறுக்கே தள்ளினார்.

“சொல்லுங்க” என்றார் வழக்கமான குரலில். “வீட்டுல எப்படி இருக்கு?”

சுண்டு மனப்பாடம் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கைராசி தன்னை எப்படித் தாங்குகிறாள், தன்னுடைய மறதியால் அவள் எவ்வளவு அவதிப்படுகிறாள், தான் மாற வேண்டும். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கை எழுதியது. அந்த மெசேஜ் நான் அனுப்பல.

“கோபம் எப்ப வருது உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஆலோசகர் கீழே எழுதினார். அடிக்கிறாங்களா?

இல்ல. இன்னும் இல்ல.

பயமா இருக்கா?

சுண்டு அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பேனா காகிதத்தில் நின்ற இடத்தில் மை ஊறிப் புள்ளி பெரிதானது. ஆலோசகர் அந்தப் புள்ளியையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்ததை எழுதினார். போக இடம் இருக்கா?

அக்கா இருந்தாங்க. என்னை வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டாங்க.

உங்ககிட்டயே சொன்னாங்களா?

மனப்பாடம் பாதியில் அறுந்தது. அக்கா போன் செய்ததாகவும், இந்த அசிங்கத்தோடு இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னதாகவும் சொன்னது கைராசி. அன்று முழுவதும் சுண்டுவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னதும் கைராசி. அக்காவின் வாயிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

கீழே பல் குடையும் சத்தம் நின்றது. அறை சுத்தமாக அமைதியாகிவிட்டது. ஆலோசகர்தான் சுதாரித்தார். பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். பிறகு எழுதினார். இன்னிக்கே, இங்கருந்தே போகலாம். ஏற்பாடு பண்றேன்.

சுண்டு தலையாட்டி மறுத்தாள். அவ கிளினிக்ல இருக்கறப்ப போறேன் என்று எழுதினாள். ஆலோசகர் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் காட்டினார், பெண்களுக்கான உதவி மையம். காகிதத்தைக் கொண்டுபோக முடியாது. சுண்டு எண்ணை மூன்று முறை படித்தாள். சீட்டில் இருக்கும் எண்களை மனதில் வைத்துக்கொள்வது அவளுடைய தொழில். மறதிக்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு அந்தப் பத்து இலக்கமும் அப்படியே பதிந்தன.

வெளியே வந்தபோது கைராசி இயர்போனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“நல்லா பேசின” என்றாள். “நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்லையே. ஏன்?”

“அழுகை வந்துருச்சு.”

“அழுத சத்தம் கேக்கலையே.”

“சத்தமில்லாம அழப் பழகிட்டேன்” என்றாள் சுண்டு. அது உண்மை என்பதால் குரல் நடுங்காமல் வந்தது. கைராசி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை, முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது, கடையின் தொலைபேசியிலிருந்து அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு அழைத்தாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. சுண்டு பெயரைச் சொன்னதும் அக்கா, நீதானே இனிமேல் என்னோடு பேசாதே என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய், இப்போது என்ன வந்தது என்று கேட்டாள். இரண்டு முறை வீட்டுக்கு வந்தாளாம். சுண்டு தூங்குகிறாள், யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று கைராசி வாசலிலேயே உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து அனுப்பினாளாம்.

“என்னை வீட்டுக்கு வராதேன்னு நீ சொல்லலையா?”

“உங்க ரெண்டு பேர் விஷயம் எனக்குப் புரியல. இப்பவும் புரியலடி, பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக நீ வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?”

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு சுண்டுவும் அக்காவும் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். உதவி மையத்தில் பேசிய பெண் சொன்னபடி, முக்கியமான காகிதங்களும் நான்கு துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு கால் மணியில் வெளியேறுவதாகத் திட்டம். சான்றிதழ்கள் கைராசியின் அலமாரியில் இருந்தன. அவற்றைத் தேடும்போது மேல்தட்டில் ஒரு செருப்புப் பெட்டி அகப்பட்டது. உள்ளே இரண்டு வீட்டுச் சாவி, கைக்கடிகாரம், அக்காவின் போட்டோ, கடையிலிருந்து என்றைக்கோ வீட்டுக்குக் கொண்டுவந்து காணாமல் போன ஒரு வாடிக்கையாளரின் சீட்டு. எல்லாம் தூசி தட்டி, அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

சுண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில்தான் நேரம் போய்விட்டது. வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. லேப்டாப்போடு இணைத்த போன் தன் பையிலேயே இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கைராசி வெள்ளைக் கோட்டோடு வந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை, முகம் சிவக்கவில்லை. அக்காவைப் பார்த்து, வாங்கக்கா, எவ்வளவு நாளாச்சு என்றாள். சுண்டுவுக்கு உடம்பு சரியில்லை, நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன், இந்த நிலைமையில் அவளை எங்கேயும் அனுப்ப முடியாது என்று தாழ்ந்த குரலில், ஒரு நோயாளியின் சொந்தக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அக்காவின் முகத்தில் குழப்பம் வந்தது. கையில் பிடித்திருந்த துணிப்பையைப் பாதி கீழே இறக்கினாள்.

எல்லாரும் நம்பும் குரல் அது. சுண்டுவே ஆறு வருடம் நம்பிய குரல்.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா” என்றாள். “இவகூட இருக்கத்தான் பயமா இருக்கு.”

அவள் காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். கைராசி அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். பார்ப்பதற்குத் தாங்குவது மாதிரிதான் இருந்தது. கட்டைவிரல் மட்டும் மூட்டுக்கு உள்பக்கம் ஓரிடத்தில் இறங்கியது. விரல் நுனி வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தது, கை செத்து, பை விழுந்தது. சுண்டு இன்னொரு கையால் பையை எடுத்தாள். அந்த முழங்கையையும் கைராசி பிடித்தாள். பை மறுபடி விழுந்தது.

“பாத்தீங்களா அக்கா? கைல ஒரு பொருள் நிக்கல” என்றாள் கைராசி. “இதைத்தான் சொன்னேன்.”

அக்கா இருபது வருடமாக ஈரத்துணி முறுக்குகிறவள். ஒரு கை எப்படி வலுவிழக்கும், எப்படி அமுக்கினால் வலுவிழக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவள் குனிந்து விழுந்த பையை எடுத்தாள். கைராசியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தங்கையின் கையிலிருந்து பிரித்தாள். நட என்று மட்டும் சொன்னாள்.

கைராசி தடுக்கவில்லை. அவர்கள் படியிறங்கும்போது மேலே நின்று, மதியம் சாப்பிட மறக்காதே சுண்டு என்றாள்.

அக்கா வீட்டில் முதல் வாரம் சுண்டு தூங்கித் தீர்த்தாள். உதவி மையத்தின் வழியாகக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். காயம் எதுவும் இல்லாததால் அது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்தது. ஆலோசகர் இனி இருவரையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று சொல்லி, சுண்டுவுக்கு வேறொரு ஆலோசகரை ஏற்பாடு செய்து கொடுத்தார். முதல் இரண்டு வாரமும் தான் கைராசி சொன்னதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அப்படி யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா தயங்கித் தயங்கி, ஒரு ஆம்பளையைக் கட்டியிருந்தா இப்படியெல்லாம் ஆகியிருக்காதோ என்றாள். அந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் சுண்டு இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அது வந்தே விட்டது.

“உன்கூட வேலை செய்யறவங்கள்ல எத்தனை பேர் அடி வாங்கிட்டு வர்றாங்கக்கா?” என்று கேட்டாள். “அவங்க புருஷங்க எல்லாம் யாரு?”

அக்கா அடுத்த துணியை எடுத்து மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பிடித்திருந்ததா உனக்கு என்று கேட்டாள். ரொம்ப என்றாள் சுண்டு. அதைச் சொல்லும்போதுதான் வீட்டை விட்டு வந்ததற்குப் பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

கடையில் முதலாளி ஒருமுறைகூட எதுவும் கேட்கவில்லை. அவள் வெட்டிய லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைக்கு எதிரே அந்தக் கார் வந்து நின்றது. கைராசி இறங்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி, அரை மணி நேரம் கடையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். தெருவில் கார் நிறுத்துவது குற்றமில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். சுண்டு தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்தாள். பதினோரு திங்கட்கிழமைகள். அக்கா அவளைக் கூட்டிப்போக மாலையில் கடை வாசலுக்கு வர ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாவது திங்கட்கிழமை கார் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கடையில் எல்லாரும் விட்டது சனியன் என்றார்கள். சுண்டுவும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கார் அங்கே நின்றவரைக்கும் கைராசி எங்கே இருக்கிறாள் என்பதாவது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் நின்றது, இப்போது யாருடைய வாசலில் நிற்கிறது, யாருடைய தோளை அந்தக் கைகள் சரிசெய்துகொண்டிருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடையின் தொலைபேசியில் உதவி மையத்தை அழைத்து, அந்தக் கிளினிக்கின் பெயரையும் தான் எழுதி வைத்திருந்த எல்லாத் தேதிகளையும் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மறுமுனையில் இருந்த பெண் குறுக்கிட்டு, கிளினிக்கின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள், இதே பெயரை வேறொரு பெண்ணும் சொல்லியிருக்கிறாள் என்றாள்.